மோட்டார் ஹோமில் பாலைவனம்: ஓய்வுபெற்ற தம்பதிகள் முதல்முறை கிளம்புவதற்கு முன்

கிளம்பி மூன்றாம் நாள் காலை. அரிசோனாவில் குவார்ட்ஸைட் ஊருக்கு வெளியே நிற்கிறோம், கண்ணுக்கெட்டிய தூரம் சரளைத் தரையும் முட்புதரும். குளிக்கலாம் என்று ஷவர் கதவைத் திறந்தால் காலடியில் சாம்பல் நிறத் தண்ணீர் நாலு விரல் உயரத்துக்கு நிற்கிறது. மேலே ஒரு கொத்தமல்லி இலை மிதக்கிறது. முந்தைய நாள் ரசத்தினுடையது.

குடிநீர் டேங்கில் இன்னும் தண்ணீர் இருந்தது. பெட்ரோல் முக்கால்வாசி இருந்தது. இரண்டு பேருக்கும் உடம்பும் நன்றாகவே இருந்தது. ஆனாலும் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பியாக வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் டேங்க் நிரம்பி, சிங்க்கில் ஊற்றியதெல்லாம் தாழ்வாக இருக்கும் ஷவர் துளை வழியே மேலே வந்துவிட்டது. இரண்டு மாதப் பயணத்துக்கு ஆறு மாதம் உட்கார்ந்து வரைபடம் பார்த்தவர்கள் நாங்கள். இந்த டேங்கைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியதில்லை.

அதனால் இதில் பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றிக் கொஞ்சமாகவும், டேங்க், டயர், பேட்டரி, முதுகுவலி பற்றி நிறையவும் இருக்கும். எங்கள் இருவர் வயதையும் கூட்டினால் 130. எங்களுக்குப் பழக்கமானது கலிஃபோர்னியா, அரிசோனா பக்கத்துப் பாலைவனம். சொல்வதெல்லாம் அந்த எல்லைக்குள்தான்.

முதலில் மாதம், அப்புறம் வண்டி

நவம்பர் நடுவில் போய் மார்ச் முடிவதற்குள் வந்துவிடுங்கள். கலிஃபோர்னியாவில் டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக்கில் 1913 ஜூலை 10 அன்று 134 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 56.7 செல்சியஸ், பதிவானது. உலகிலேயே அதிகமான காற்று வெப்பநிலை என்று இன்றைக்கும் கணக்கில் இருப்பது அதுதான். அந்த வெயிலில் வண்டி நின்றுவிட்டால், உதவி வரும் வரை தாங்குவதற்கு நம் வயதில் உடம்பில் கையிருப்பு குறைவு. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை அரிசோனாவில் மழைக்காலம் வேறு. திடீர் வெள்ளமும் புழுதிப் புயலும் அப்போதுதான் அதிகம். கோடையில் போனால் கூட்டமே இருக்காது என்று யாராவது ஆசை காட்டினால், ஏன் கூட்டமில்லை என்று கேளுங்கள்.

குளிர்காலத்தில் பகல் அருமையாக இருக்கும், இரவு வேறு ஊர் மாதிரி இருக்கும். உயரமான இடங்களில் தண்ணீர் உறையும். ராத்திரி வெளியே தண்ணீர் ஹோஸை இணைத்தபடி விட்டுத் தூங்கினால் காலையில் கம்பு மாதிரி விறைத்துக் கிடக்கும். கம்பளியும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி வண்டி. பஸ் போல முகம் தட்டையாக இருப்பது ஏ வகை. வேனுக்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்கியது பி வகை. லாரி முகப்பும் அதன் தலைக்கு மேல் படுக்கையும் உள்ளது சி வகை. புதியவர்களுக்கு 25 அடிக்குள் ஒரு சி வகை போதும் என்பது என் அபிப்பிராயம். பெரிய வண்டி நிற்கும்போதுதான் சுகம், ஓட்டும்போது இல்லை. அதோடு, நல்ல இடங்கள் பலவற்றில் நீள வரம்பு உண்டு. ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் ஹிடன் வேலி, வைட் டேங்க் ஆகிய இரண்டு முகாம்களில் மொத்த நீளம் 25 அடியைத் தாண்டக் கூடாது. பாறைகளுக்கு நடுவே தூங்கி எழ அதைவிட நல்ல இடம் நான் பார்க்கவில்லை.

எடுத்த எடுப்பில் வாங்காதீர்கள். வாடகைக்கு எடுத்து நாலு நாள், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், இருந்து பாருங்கள். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருப்பவர் மற்றவரைத் தாண்டித்தான் போக வேண்டுமா? மேல் படுக்கைக்கு ஏணியில் ஏற முழங்கால் சம்மதிக்கிறதா? இதெல்லாம் ஷோரூமில் தெரியாது. வாடகை ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் தேடிப் படியுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை மைல், ஜெனரேட்டர் ஓடும் மணிக்குத் தனிக் காசா, மண் ரோட்டில் போக அனுமதி உண்டா. வாங்கத் தீர்மானித்துவிட்டால், எவ்வளவு எடை ஏற்றலாம் என்று சொல்லும் ஸ்டிக்கர் வண்டிக்குள் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். ஒரு கேலன் தண்ணீர் சுமார் 8.3 பவுண்ட். 40 கேலன் டேங்க் நிரம்பினால் 330 பவுண்டுக்கு மேல். அதற்கப்புறம் ஆட்கள், சாமான், மளிகை. ஆட்டுக்கல்லை எடுத்துப் போகலாமா என்ற கேள்விக்கு ஸ்டிக்கரே பதில் சொல்லிவிடும்.

இரண்டு பேரும் ஓட்டப் பழகுங்கள்

இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. எங்கள் வட்டாரத்தில் பல வீடுகளில் கணவர்தான் ஓட்டுவார், அவர்தான் டம்ப் செய்வார் (கழிவு டேங்க்குகளைக் காலி செய்வது), அவர் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்வார். அம்மா சமைப்பார், வழி சொல்வார். ஊருக்குள் இது நடக்கும். பாலைவனத்தில் இது ஆபத்து.

நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். மெக்சிகோ எல்லையோரம் இருக்கும் ஆர்கன் பைப் கேக்டஸ் பூங்காவில் ஒரு காலை, என் கணவர் குனிந்து ஷூ லேஸ் கட்டினார், நிமிர முடியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. நிற்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. பின்னால் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு "மெதுவா போ, மெதுவா போ" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அஹோ ஊர் வரை முப்பது மைலுக்கு மேல். அதுவரை அந்த வண்டியை நான் மொத்தம் ஒரு மணி நேரம்தான் ஓட்டியிருந்தேன், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி பார்க்கிங்கில். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேனோ.

ஆகவே காலி பார்க்கிங்கில் இரண்டு பேரும் தலா மூன்று நாலு முறை பழகுங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் வண்டி நீண்டிருப்பதால், வலது பக்கம் திருப்பும்போது வால் இடது பக்கம் வீசும். பெட்ரோல் பங்க்கில் கம்பத்தை உரசுவது இப்படித்தான். ஒருவர் வெளியே நின்று அந்த வால் எவ்வளவு தூரம் வீசுகிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினால் அப்புறம் மறக்காது. ரிவர்ஸ் எடுக்கும்போது கீழே இறங்கி வழி காட்டுபவர், ஓட்டுபவரின் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். கண்ணாடியில் ஆளைக் காணோம் என்றால் உடனே பிரேக். கத்துவதை விடக் கைச்சைகை நல்லது, குடும்ப அமைதிக்கும் நல்லது.

லைசென்ஸ் பற்றிப் பயப்பட வேண்டாம். 26,000 பவுண்டுக்குக் குறைவான மோட்டார் ஹோமுக்கு சாதாரண கார் லைசென்ஸே போதும். 25 அடி சி வகை அந்த எடையை நெருங்கவே நெருங்காது.

ஓட்டுவது மட்டுமில்லை. வாரத்தில் ஒரு நாள் வேலைகளை மாற்றிக்கொள்ளுங்கள். அன்றைக்கு டம்ப் நீங்கள் செய்யுங்கள், சமையல் அவர் செய்யட்டும். கேஸ் வால்வ், பேட்டரி ஸ்விட்ச், ஃப்யூஸ் பெட்டி எங்கே என்று இரண்டு பேருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிய வேண்டும்.

காகிதங்களும் மருந்தும்

62 வயதான குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமைக்கான பச்சை அட்டை வைத்திருப்பவர்களும் தேசியப் பூங்காக்களுக்கான சீனியர் பாஸ் வாங்கலாம். ஆயுள் முழுவதற்கும் 80 டாலர், வருடத்துக்கு மட்டும் என்றால் 20. மத்திய அரசின் பல முகாம்களில் தங்கும் கட்டணமும் இதைக் காட்டினால் பாதியாகும். ஒரே பயணத்தில் போட்ட காசு திரும்பிவிடும்.

எல்லைக்குப் பக்கத்து ரோடுகளில், நாட்டுக்கு உள்ளேயே, எல்லைக் காவல்படையின் சோதனைச் சாவடிகள் உண்டு. அன்றைக்கு அஹோவுக்குப் போகும் வழியிலும் இருந்தது. "குடிமக்களா?" என்று கேட்டார்கள், பின்னால் குப்புறப் படுத்திருந்தவரும் பதில் சொன்னார், போகச் சொல்லிவிட்டார்கள். பச்சை அட்டைக்காரர்கள் அசல் அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டு லாக்கரில் பத்திரமாக இருக்கிறது என்று அங்கே சொல்லிப் பயனில்லை.

முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான ஒரிஜினல் மெடிகேர் நாடு முழுவதும் செல்லும். அதற்குப் பதில் தனியார் நடத்தும் அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர்கள் கிளம்பும் முன் போன் போட்டுக் கேளுங்கள்: அவசரத்துக்கு எங்கும் பார்க்கலாம், ஆனால் சாதாரண வைத்தியத்துக்கு உங்கள் ஊர் டாக்டர்கள் மட்டுமே என்று இருக்கக்கூடும். மாத்திரைகளைப் பயண நாட்களுக்கும் இரண்டு வாரம் கூடுதலாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வாரத்துக்கானது தனிப் பையில், எப்போதும் உங்களோடு. இன்சுலின் போடுபவர்கள் வண்டியின் ஃப்ரிட்ஜை மட்டும் நம்ப வேண்டாம், உள்ளே ஒரு சின்ன தெர்மாமீட்டர் வையுங்கள். எங்கள் ஃப்ரிட்ஜில் பின்சுவரை ஒட்டி வைத்த தயிர் உறைந்துபோனது; அங்கே இன்சுலின் இருந்திருந்தால் தூக்கித்தான் போட வேண்டும்.

முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு வழி

முதல் இரண்டு இரவு தண்ணீர், கரண்ட், கழிவுக்குழாய் மூன்றும் இணைப்பு உள்ள கட்டண முகாமில் தங்குங்கள். எல்லாம் வேலை செய்கிறதா, எதை மறந்தோம் என்று அங்கே தெரிந்துவிடும். பக்கத்திலேயே கடை இருக்கும்.

அப்புறம் குவார்ட்ஸைட். ஐ-10 நெடுஞ்சாலையில் ஃபீனிக்ஸிலிருந்து மேற்கே சுமார் 125 மைல். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கும் ஊர், குளிர்காலத்தில் மோட்டார் ஹோம்களால் நகரம் மாதிரி ஆகிவிடும். பொது நிலங்களை நிர்வகிக்கும் மத்திய அமைப்பான பி.எல்.எம்., நீண்டநாள் தங்குகிறவர்களுக்கென்று லா போசா என்ற பெரிய நிலத்தை ஒதுக்கியிருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை சீசன். நாங்கள் வாங்கியபோது முழு சீசனுக்கு 180 டாலர், 14 நாளுக்கு 40. குழாய்த் தண்ணீர், குப்பைத் தொட்டி, டம்ப் ஸ்டேஷன் உண்டு, கரண்ட் கிடையாது. இலவசம் வேண்டுமென்றால் சுற்றியுள்ள மற்ற பி.எல்.எம். நிலங்களில் பொதுவாக 14 நாள் தங்கலாம், அப்புறம் தள்ளிப் போக வேண்டும், வசதி எதுவும் இருக்காது. புதியவர்கள் அந்த 40 டாலரைக் கொடுத்துவிடுங்கள். அக்கம்பக்கத்தில் இருபது வருஷமாக வருகிறவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். உங்கள் வண்டியில் எது கெட்டாலும் ஒருவர் டூல் பாக்ஸோடு வந்து நிற்பார். அந்தப் பாடத்துக்கு 40 டாலர் குறைவு.

ஊரின் பழைய கல்லறைத் தோட்டத்தில் பிரமிட் வடிவில் ஒரு கல்லறை, உச்சியில் ஒட்டகம். அமெரிக்க ராணுவம் 1850களில் ஒட்டகங்களை இறக்குமதி செய்து பாலைவனத்தில் சாமான் சுமக்க விட்டுப் பார்த்தது. அவற்றோடு வந்த ஹாஜி அலி இங்கேயே தங்கி 1902இல் இறந்தார். உள்ளூர்க்காரர்கள் வாயில் அவர் பெயர் ஹாய் ஜாலி ஆகிவிட்டது. நம் பெயர்கள் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து எங்கே போவதும் உங்கள் இஷ்டம். ஒரு விதி மட்டும்: ஒரு நாளைக்கு 200 மைலுக்கு மேல் வேண்டாம், மதியம் மூன்று மணிக்குள் நிறுத்திவிடுங்கள். தெரியாத மண்ணில் இருட்டிய பிறகு இடம் தேடுவது இளவட்டத்துக்கே சிரமம். ஓட்டிய நாளுக்கு மறுநாள் ஓட்டாதீர்கள். டெத் வேலிக்கு மேற்கிலிருந்து டவுன் பாஸ் வழியாகப் போனால் ஏறத்தாழ 5,000 அடி உயரம் வரை ஏறி, கடல் மட்டம் வரை இறங்க வேண்டும். கிழக்கே டெத் வேலி ஜங்ஷன் பக்கமிருந்து வரும் வழி இதைவிடச் சாது. அதில் போங்கள்.

தண்ணீர்க் கணக்கு

மூன்று டேங்க் உண்டு. நல்ல தண்ணீர் ஒன்று. சிங்க்கிலும் ஷவரிலும் போவது கிரே டேங்க். கழிவறை பிளாக் டேங்க். எங்கள் வண்டியில் நல்ல தண்ணீர் 40 கேலன், கிரே 30. வீட்டுப் பழக்கத்தில் குளித்துக் கழுவியதில் அந்த 30ஐ இரண்டரை நாளில் நிரப்பினோம். இப்போது அதே டேங்க் எட்டு நாள் வருகிறது. மாறியது சில சின்னப் பழக்கங்கள்தான்.

தட்டையும் குழம்புச் சட்டியையும் கழுவும் முன் காகிதத்தால் எண்ணெய் போக வழித்துவிட வேண்டும். சிங்க்கில் நேராகக் கழுவாமல் ஒரு பேசினில் கழுவ வேண்டும். ஷவரில் வெந்நீர் வருவதற்கு முன் ஓடும் குளிர்ந்த தண்ணீரை வாளியில் பிடித்தால் ஒன்றரை கேலன் கிடைக்கும், அது கழிவறைக்கு. உடம்பை நனைத்து, குழாயை மூடி, சோப்புப் போட்டு, திறந்து அலசு. தினமும் தலைக்குக் குளித்தே தீருவேன் என்பவர்கள் டம்ப் ஸ்டேஷன் பக்கத்திலேயே முகாம் போட்டுக்கொள்ளலாம். கிரே தண்ணீர்தானே என்று மணலில் திறந்துவிடக் கூடாது. லா போசாவில் அதற்கு அனுமதி இல்லை, நரியும் எலியும் அதைத் தேடி வரும்.

குடிப்பதற்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் தனியாக, டேங்கில் சேர்க்காமல், எப்போதும் மூன்று நாளுக்கு இருக்கட்டும். தண்ணீர் சுமக்க ஏழு கேலன் கேன் விற்கிறார்கள். நிரம்பினால் கிட்டத்தட்ட 58 பவுண்ட். ஒரு முதுகு போதும், இரண்டாவதையும் கெடுக்க வேண்டாம். இரண்டரை கேலன் கேன்களாக வாங்குங்கள்.

டம்ப் செய்வது பார்க்கப் பயமாக இருக்கும், செய்தால் பத்து நிமிடம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஹோஸை முதலில் வண்டியில் பொருத்தித் திருகுங்கள். பிடித்துக்கொண்டதா என்று இழுத்துப் பாருங்கள். இந்த ஒரு இழுப்பைச் சோம்பல்பட்டு விட்டவர்களின் கதைகள் ஒவ்வொரு முகாமிலும் உண்டு, சாப்பிடும் நேரத்தில் கேட்கக் கூடாதவை. மறுமுனையைத் தரைத்துளையில் செருகி மேலே ஒரு கல்லை வையுங்கள். பிளாக் வால்வை முதலில் திறங்கள். சத்தம் அடங்கியதும் மூடிவிட்டு கிரே வால்வைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டே போகும். வண்டி முனையைக் கழற்றி உயர்த்திப் பிடித்து வழிய விடுங்கள். அங்கே அலசுவதற்கென்று இருக்கும் குழாயில் குடிநீர் ஹோஸை ஒருபோதும் மாட்டாதீர்கள்.

கட்டண முகாமில் கழிவுக்குழாய் இணைப்பு இருக்கிறதே என்று பிளாக் வால்வைத் திறந்தே வைக்கக் கூடாது. திரவம் ஓடிவிடும், மற்றது உள்ளே குவிந்து காயும். குவார்ட்ஸைட்டில் ஒரு பிரமிட் இருக்கிறது, போதும்.

கரண்ட், கேஸ்

இணைப்பில்லாமல் நிற்கும்போது விளக்கு, பம்ப், ஹீட்டரின் காற்றாடி எல்லாம் பேட்டரியில் ஓடும். ராத்திரி பேட்டரியைத் தின்பது அந்தக் காற்றாடிதான். சாதாரண ஈய அமில பேட்டரி நிறைந்திருந்தால் 12.6 வோல்ட், ஓய்வில் 12.1க்கு வந்தால் பாதி காலி என்று அர்த்தம், அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியம் என்றால் இந்தக் கவலை குறைவு, விலைக் கவலை கூடும். தூக்கத்தில் சி-பேப் என்ற மூச்சுக் கருவி போடுகிறவர்கள் அதற்கான 12 வோல்ட் வயர் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கருவியில் ஈரப்பதம் தரும் ஹீட்டரை அணைத்தால் கரண்ட் செலவு வெகுவாகக் குறையும். பாலைவனத்தின் வறண்ட காற்றில் அது இல்லாமல் முடியாதவர்கள் பேட்டரியைப் பெரிதாகத்தான் போட வேண்டும்.

வண்டியோடு வரும் பெட்ரோல் ஜெனரேட்டர் வண்டி டேங்கிலிருந்தே உறிஞ்சும், கால் டேங்க் வந்ததும் தானாக நின்றுவிடும். ஊருக்குத் திரும்ப பெட்ரோல் மிஞ்ச வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கெட்டுவிட்டது என்று நாங்கள் ஒரு மணி நேரம் புத்தகம் புரட்டினோம். ஜெனரேட்டர் ஓடும்போது புகைக்குழாய்ப் பக்க ஜன்னலை மூடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பட்டனை அழுத்தி மாதம் ஒருமுறை சோதியுங்கள். கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் வண்டி சாய்ந்து நின்றால் குளிராது. சக்கரத்தடியில் பலகை வைத்துச் சமப்படுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

டயர், மலை, மணல், வெள்ளம்

மோட்டார் ஹோம் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆறேழு வருடம் ஆகிவிட்டால், பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். காற்றை விடிகாலையில், ஓட்டும் முன் பாருங்கள். மதியம் சூட்டில் அழுத்தம் கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடக் கூடாது.

நீண்ட ஏற்றங்களில் இன்ஜின் சூடேறாமல் இருக்க ஏ.சி.யை அணைக்கச் சொல்லி ரோட்டோரம் போர்டு இருக்கும். அணைத்துவிடுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினாலேயே வேகத்தைப் பிடியுங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் அது சூடேறி, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது.

புழுதிப் புயல் ரோட்டை மறைத்தால் அரிசோனாவில் சொல்லித்தரும் முறை இது: ரோட்டை விட்டு முழுதாக ஒதுங்கி நிறுத்து, எல்லா விளக்கையும் அணை, பார்க்கிங் பிரேக் போடு, பிரேக்கிலிருந்து காலை எடு. விளக்கை எரிய விட்டால் பின்னால் வருபவர் அதுதான் ரோடு என்று நினைத்து உங்கள் மேலேயே வருவார். இந்த ஒன்று புத்திக்கு எதிராக இருப்பதால் முன்கூட்டியே இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த ஓடையில் முகாம் போடாதீர்கள், தரை எவ்வளவு சமமாக இருந்தாலும். எங்கோ மலையில் பெய்த மழை வெயில் அடிக்கும் இடத்துக்கு வந்து சேரும். தடுப்பு வைத்த வெள்ள ரோட்டில் வண்டியை விட்டு மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவாக 2,000 டாலர் வரை வசூலிக்க அரிசோனாவில் 1995 முதல் சட்டம் இருக்கிறது. மக்கள் அதைக் கூப்பிடுவது முட்டாள் ஓட்டுநர் சட்டம்.

முகாமில்

வெயில் நாளில் ஃப்ரிட்ஜ் இருக்கும் பக்கம் வடக்கே பார்க்கட்டும். குளிர் நாளில் முன் கண்ணாடி தெற்கே பார்த்தால் காலை காபிக்கு ஹீட்டர் தேவைப்படாது. பக்கவாட்டுக் கூடாரத் துணியை விரித்துவிட்டு நடக்கப் போகாதீர்கள். சும்மா அரை மணி நேரம் என்று போனோம். வந்து பார்த்தால் ஒரு காற்று அதைக் கூரைக்கு மேல் மடித்துப் போட்டிருந்தது, ஒரு கை வில்லாக வளைந்திருந்தது. அந்த நிழலை மறுபடி பார்க்க அறுநூறு டாலர் ஆனது.

நடக்கும்போது பையில் ஒரு சீப்பு வையுங்கள், தலைக்கில்லை. டெடி பேர் சோயா என்ற கள்ளி பார்க்கப் பஞ்சு பொம்மை மாதிரி இருக்கும். அதன் முள் உருண்டை லேசாக உரசினாலே செருப்பிலும் காலிலும் ஒட்டிக்கொண்டு வரும். விரலால் எடுத்தால் விரலில் ஏறும். சீப்பை உருண்டைக்கு அடியில் செருகி ஒரு சுண்டு, பறந்துவிடும். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துச் சுண்டுங்கள்.

முகாமில் சிலர் ராத்திரி பானெட்டைத் திறந்தே வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். பேக் ரேட் என்ற எலி சூடான இருட்டான இன்ஜினில் கூடு கட்டி வயரைக் கடிக்கும். திறந்து வைத்தால் அதற்கு அந்த இடம் பிடிப்பதில்லை. மூன்று நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் நீங்களும் செய்யுங்கள்.

திரும்பி வந்த சில வாரங்களில் விடாத இருமல், காய்ச்சல், அசதி வந்தால் பாலைவனத்துக்குப் போன விஷயத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். அரிசோனா, கலிஃபோர்னியா மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை புழுதியோடு நுரையீரலுக்குள் போனால் வேலி ஃபீவர் வரும். பலருக்குத் தானாகச் சரியாகிவிடும், வயதானவர்களுக்குத் தீவிரமாகலாம். மற்ற மாநில டாக்டருக்கு அது சட்டென்று நினைவுக்கு வராது.

கலிஃபோர்னியாவுக்குள் நுழையும்போது

அரிசோனா பக்கம் பெட்ரோல் விலை குறைவு, கொலராடோ ஆற்றைக் கடக்கும் முன் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆற்றைத் தாண்டியதும் பிளைத் ஊரில் விவசாயச் சோதனைச் சாவடி. எலுமிச்சை, ஆரஞ்சு இருக்கிறதா என்று கேட்பார்கள். நம்மவர்கள் மறந்துவிடுவது கறிவேப்பிலை. எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் ஒரு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும் என்பதால் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. செடி வளர்க்கும் தோழி ஆசையாகக் கொடுத்தனுப்பிய ஒரு பை இலையை நான் அங்கே விட்டுவிட்டு வந்தேன். முதல் நாளே பொடி அரைத்து வைத்திருக்கலாம் என்று அதற்கப்புறம் ஐம்பது மைலுக்குப் புலம்பினேன். மார்ச்சில் கடிகாரத்தையும் கவனியுங்கள்: அரிசோனாவின் பெரும்பகுதியில் கோடைக்கால நேரமாற்றம் கிடையாது. குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவை விட ஒரு மணி முன்னால் இருக்கும் ஊர், மார்ச் இரண்டாம் ஞாயிறுக்குப் பிறகு அதே நேரத்துக்கு வந்துவிடும்.

கடைசியாக, ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் செய்வது. இவர் வலமாக, நான் இடமாக, வண்டியை ஆளுக்கொரு முழுச்சுற்று. ஹோஸ், வயர், சக்கரப் பலகை, கூரை ஆன்டெனா, கேஸ் மூடி, பெட்டிக் கதவுகள். இரண்டு பேரும் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். மற்றவர் பார்த்திருப்பார் என்று விட்டதில்தான் எங்களுக்கு ஒரு சக்கரப் பலகையும் ஒரு பெட்டிக் கதவும் போயின. அப்புறம் ஏறி உட்கார்ந்து, பெல்ட் போட்டு, இவர் கேட்பார்: "படியை மடிச்சாச்சா?" பாதி நாள் நான் மறுபடி இறங்குவேன்.